தெமிர்லான் வந்துவிட்டான்

"மறுபடியும் விழுந்துட்டியா?" கனாத் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் எறிந்தான். "வெள்ளிக்கிழமைன்னா உனக்கு இதே வேலையாப் போச்சு, பெர்மெத்!"

பெர்மெத்தின் திரையில் ஒரே ஒரு வரி: தொடர்பு துண்டிக்கப்பட்டது.

"கேபிளை மாத்தியாச்சு. ரூட்டரை அணைச்சுப் போட்டாச்சு. உன் கம்ப்யூட்டர்லயே உட்கார்ந்தும் பார்த்தாச்சு. அப்பவும் நான் மட்டும்தான் விழறேன். இன்னும் என்ன பண்ணணும், சொல்லு!"

"பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த விளையாட்டுன்னு..."

"முடி கனாத். அந்தப் பேச்சை முடிச்சுத்தான் பாரேன்."

கனாத் முடிக்கவில்லை. சட்டம் படிக்கிறவளிடம் வாதாடி ஜெயித்தவன் கராகோல் ஊரின் அந்தக் கம்ப்யூட்டர் கிளப்பில் எவனும் இல்லை.

"அவ லைன்ல கோளாறு இல்லடா," என்றான் மூலையில் இருந்த எல்தியார். "அங்கே பாரு."

மற்ற எல்லோருடைய திரையிலும் தெமிர்லான் நின்றுகொண்டிருந்தான்.

பெர்மெத் வெளியே தள்ளப்பட்டதும் அவள் ஆட்டிய வீரனும் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. வெட்டவெளியில் அசையாமல் நின்றவன், மெல்லத் தலையைத் திருப்பினான். அவர்களைப் பார்த்தான். மெல்லத் திரும்பிக்கொண்டான்.

ஜன்னல் வழியே முற்றத்திலிருந்து காய்ந்த எண்ணெய் வாசம் வந்தது. வெள்ளிக்கிழமை வாசம். யார் வீட்டிலோ, இறந்தவர்களுக்காக ரொட்டி பொரிக்கிறார்கள்; அந்த வாசம் பிடித்து அவர்கள் வருவார்கள் என்பது நம்பிக்கை.

தெமிர்லான் பனிக்காலத்தில் மலைப்பாதையில் வண்டி உருண்டு செத்துப்போனவன். பல்கலைக்கழகப் போட்டிக்கு டீமின் பெயர்களை அதற்கு முன்பே கொடுத்தாகிவிட்டது. கொடுத்ததை மாற்ற முடியாது. அதனால் அவன் பெயரிலேயே, அவன் வீரனை வைத்தே பெர்மெத் ஆடினாள்.

"அவன்தான் வர்றான்," என்றான் எல்தியார். "வாசம் பிடிச்சு வர்றான். வந்தா பெர்மெத் எழுந்து இடம் விடணும். அவ மேல தப்பே இல்லை."

பெர்மெத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்காகப் பேயைச் சாட்சிக்குக் கூப்பிடாதே! நீ இன்ஜினியரிங் படிக்கிறியா, மந்திரிக்கப் படிக்கிறியா? ஒரு பேர்ல ஒரு ஆள்தான் உள்ளே இருக்க முடியும். இன்னொருத்தன் நுழைஞ்சா முதல்ல இருந்தவன் வெளியே. எவனோ செத்தவன் பேர்ல திருட்டுத்தனமா நுழையறான். பாஸ்வேர்டு உன்கிட்டதானே இருக்கு? மாத்து, முடிஞ்சது."

"மாத்த மாட்டேன்."

"ஏன்?"

"அது அவன் வெச்சது. தொட்டா ஆகாது."

"பயந்தாங்கொள்ளி!"

எல்தியார் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பேயோ லைனோ, எனக்குத் தெரியாது," என்றான் கனாத். "அடுத்த வெள்ளி தகுதி ஆட்டம். அன்னிக்கும் விழுந்தா உன் இடத்துக்கு வேற ஆள்."

அடுத்த வெள்ளி. ஆட்டம் சூடு பிடித்திருந்தது. பெர்மெத் அன்று யாரையும் விட்டுவைக்கவில்லை. கனாத்தே ஒரு முறை, "சபாஷ்!" என்று கத்திவிட்டான்.

அப்போது அந்த வாசம் வந்தது.

அவள் திரை உறைந்தது. தொடர்பு துண்டிக்கப்பட்டது.

பக்கத்துத் திரையில் தெமிர்லான் மெல்லத் தலையைத் திருப்பினான்.

கனாத் திட்டுவதற்குள் அவள் கணக்கின் பக்கத்தைத் திறந்துவிட்டாள். கடைசியாக எங்கிருந்து நுழைந்தார்கள்? பதில் அங்கேயே இருந்தது: தெமிர்லான் வீட்டுக் கம்ப்யூட்டர்.

வீடு முற்றத்துக்கு அந்தப் பக்கம்தான்.

"செத்தவன் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஆடறானா? வெட்கம் கெட்டவன்! இப்பவே போய்..."

"போகாதே பெர்மெத்!" எல்தியார் எழுந்தேவிட்டான். "சொன்னாக் கேளு. அங்கே போகாதே!"

அவள் முற்றத்தைத் தாண்டிப் படியேறி ஓடினாள்.

கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே திரைச்சீலை போட்ட அறை. கம்ப்யூட்டர் வெளிச்சம் மட்டும். திரையில் தெமிர்லான். அவன் தலை மெல்லத் திரும்பியது.

நாற்காலியில் யாரும் இல்லை.

பெர்மெத்தின் கை கதவு நிலையைப் பற்றிக்கொண்டது.

பிறகுதான் தெரிந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள் குனிந்து, துணியால் மவுஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை இடம் போனால் அவன் தலை இடம் போனது. வலம் வந்தால் வலம்.

"யாரு? உள்ளே வா மகளே. வெள்ளிக்கிழமை வாசல் வரைக்கும் வந்தவ ரொட்டி எடுக்காமப் போகக் கூடாது."

மேஜை மேல் ஏழு ரொட்டிகள். ஆவி பறந்தது.

"எஜே..." மூத்த பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு தொடங்கினாள் பெர்மெத். "இந்தக் கம்ப்யூட்டர்..."

"வாசம் பிடிச்சு வருவான் இல்லையா? வந்து பார்த்தா இது இருட்டாக் கிடக்கக் கூடாது. எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்! எல்தியார்தான் காட்டிக்கொடுத்தான். 'இதை அழுத்துங்க எஜே, தெமிர்லான் எழுந்து நிப்பான்'னான். நிக்கறான், பாரு." துணியை மடித்து வைத்தாள். "உங்க விளையாட்டுக்கு இடைஞ்சலா இருக்குமோடான்னு கேட்டேன். ஒருத்தருக்கும் ஒரு இடைஞ்சலும் இல்லைன்னு சத்தியம் பண்ணான். ஏன் மகளே, இருக்கா?"

வாதாட வந்த பெர்மெத் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"இல்லை எஜே. ஆனா பாவம், அவன் நின்னுகிட்டே இருக்கான். கொஞ்ச நேரம் ஓட விடட்டுமா?"

அம்மாள் கண் விரிய, மகனின் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சிறிது நேரத்தில் பெர்மெத்தின் செல்போன் அலறியது. கனாத்.

"பெர்மெத், எங்கே இருக்கே? உன் நாற்காலி இங்கே காலியாக் கிடக்கு... ஆனா தெமிர்லான் ஓடறான்! சுடறான்! ஜெயிக்கப் போறோம்! யாருடி ஆட்டறது?"



"எல்தியார் அன்னிக்கே சொன்னான், நான்தான் கேட்கலை," என்றாள் பெர்மெத். "பேய்தான்டா. நீ ஆட்டத்தைப் பாரு."