மேட்டுச் சாலையின் மன்னர்

மேட்டுச் சாலையின் உச்சியில் கணவர் நிற்கிறார். தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, மூச்சுவிட்டால் தையல் பிரிந்துவிடும் சைக்கிள் உடை. வேஷத்தில் ஒரு குறையுமில்லை. சைக்கிளோட்டிகளின் நேரத்தைக் குறித்து, வேகமானவருக்கு மகுடம் சூட்டும் கைப்பேசிச் செயலியில் இந்த ஏற்றத்தின் மன்னர் அவர்தான். பெயருக்கு மேலே மகுடம் மின்னுகிறது. போன வாரம் டயர் பஞ்சராகி, சைக்கிளோடு சரக்கு வண்டியில் ஏறி வந்தபோது செயலியை நிறுத்த மறந்ததில் கிடைத்த மகுடம். அந்தப் பதிவை அழித்துவிடலாம்தான், ஆனால் அலுவலகமே கைதட்டி முடித்துவிட்டது. கீழிருந்து, கூடை வைத்த பழைய சைக்கிளில் மனைவி ஏறி வருகிறாள். சங்கிலி கிறீச்சிடுகிறது. சாயங்கால வெயில் அவள் நெற்றி வியர்வையில் பளபளக்கிறது. அவர் வழக்கமாக இறங்கித் தள்ளும் வளைவிலும் அவள் இறங்கவில்லை.

"உங்க நேரத்தைத் தாண்டிட்டேனா?" மூச்சு வாங்குகிறது அவளுக்கு.

"கிட்ட வந்துட்டே."

அவள் நேரத்தைக் குறித்த அவர் கைப்பேசியை எட்டிப் பார்க்கிறாள். முகம் சுருங்குகிறது. "மூணு மடங்கு நேரம் எடுத்திருக்கேன், இதுல கிட்டயாம்! என் காலுல அவ்ளோதான் தெம்பு போல. உங்களுக்கு மட்டும் எப்படிங்க?"

"எல்லாம் பழக்கந்தான்" என்கிறார், கட்டைவிரலால் மகுடத்தை மறைத்தபடி.

"இன்னொரு தடவை ஏறிப் பாத்துடறேன்." சைக்கிளைக் கீழ்நோக்கித் திருப்பியவள், ஏதோ நினைத்துக்கொண்டு தன் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டுகிறாள்.

"இந்தாங்க, குடிங்க. சும்மா நிக்கற உங்களுக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?"