சேற்றுக் கை

தேங்காய்த்திட்டு அலையாத்திக் காட்டில் முழங்கால் வரை சேறு. எல்லாரும் நின்று தண்ணீர் குடித்த நேரத்தில், துர்கா ஒதுங்கிப் போய் போனை எடுத்தாள். கையில் இருந்த சேறு திரையெல்லாம் அப்பிக்கொண்டது. டைப் அடிக்க முடியவில்லை. வீட்டுக் குரூப்பைத் தேடி ஒன்றைத் தொட்டு, மைக்கை அழுத்தி மெதுவாகப் பேசினாள். போன் அதை எழுத்தாக்கி அனுப்பியது.

“யம்மா, பன்னெண்டு பேரு வந்துருக்காங்க. எல்லாம் பெரிய படிப்பு. எனக்கு ரொம்ப பயமா இருக்கு. இன்னைக்கு நல்லபடியா முடிஞ்சாதான் வேலை நிரந்தரமாம். இல்லன்னா பொட்டியக் கட்டிக்கினு ஊருக்கே வந்துடறேன்.”

உடனே பதில் வந்தது.

“பயப்படாத பாப்பா. நல்லாத்தான பண்ற.”

“ஆமா, பக்கத்துல நின்னு பாத்தவ மாதிரி சொல்லு! பதட்டத்துல மீன்கொத்தியக் காட்டி கொக்குன்னுட்டேம்மா.”

“கொக்கு கெடக்கு. நாத்து நடறப்ப நடக்குற மாதிரி வெரல ஊனி நடங்கன்னு சொன்ன பாரு, அதனாலதான் இன்னும் ஒருத்தரும் விழல.”

துர்கா திகைத்தாள். அதை அம்மாவிடம் அவள் சொல்லவே இல்லையே?

திரையைத் தோளில் துடைத்துப் பார்த்தாள். குரூப்பின் பெயர் ‘ஞாயிறு சேற்று நடை’. காலையில் அவளே தொடங்கியது.

மெல்லத் திரும்பினாள். அவள் வழிகாட்டி அழைத்து வந்த பன்னிரண்டு பேரும் போனும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் நின்ற ஹாஜிராம்மா, பதில் போட்ட போனோடு கையை உயர்த்தினார்.

“கைடு பாப்பா, தண்ணி ஏறுது. மொதல்ல எங்களக் கரையேத்து. ஊருக்கெல்லாம் நீ போவ முடியாது. அடுத்த ஞாயிறு என் மருமவளும் வரா, நீதான் கூட்டிக்கினு போவணும்னு உங்க ஆபீஸுக்கு மெசேஜ் போட்டாச்சு.”