வருகைப் பதிவு

தொழிலதிபர் காலை உணவு மேசையிலேயே மாணவர் மனுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் நிறுவிய மூன்று பல்கலைக்கழகங்களிலும் சிபாரிசு நுழையக்கூடாதென்று அவர் போட்ட விதிப்படி, மனுவில் பெயர் இருக்காது, பதிவெண் மட்டும்தான்.

"இதைக் கேளேன்," என்று மனைவியிடம் சிரித்தார். "மாலை வகுப்பு மாணவி. வருகை குறைஞ்சதால பரீட்சை எழுத விடலையாம். காரணம், புருஷன் போற விழாவுக்கெல்லாம் கூடவே போகணுமாம்!"

"பாவம்தான்." அவள் ஊற்றிய தண்ணீர் டம்ளர் நிறைந்து வழிந்தது.

"அவன் என்ன கைக்குழந்தையா, தனியா போகத் தெரியாதா?"

"அதை அப்படியே எழுதுங்களேன்."

எழுதினார்: 'பரீட்சைக்கு அனுமதிக்கலாம். இனி ஒரு வகுப்பும் தவறக்கூடாது. கணவர் தனியாகப் போகட்டும்.' கையெழுத்தும் போட்டார்.

"சரி, சாயந்திரம் நாலாவது பல்கலைக்கழகத்துக்கு அடிக்கல் விழா. அஞ்சு மணிக்குத் தயாரா இரு."

"நான் வரலைங்க. கிளாஸ் இருக்கு."

"கிளாஸா? உனக்கா?"

"ரெண்டு வருஷமா சாயந்திரம் எங்கே போறேன்னு இன்னைக்காவது கேட்டீங்களே!"

கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மனுவின் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒரே பதிவெண்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

"கைக்குழந்தை பத்திரமா போயிட்டு வந்துடும்தானே?" என்றாள் அவள்.