கவிஞர் படித்துக்கொண்டிருக்கிறார்

கவிஞர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தை மடியில் விரித்து, தலையை ஆட்டத் தொடங்கியதும் அவர் மனைவி தன் தங்கைக்குப் போன் போட்டாள்.

அதுவும் அவருக்கு எதிரிலேயே, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து.

இனி இடியே விழுந்தாலும் அந்தக் காதில் ஏறாது.

"இசை இல்லாமல் நான் ஒரு வரிகூட வாசிப்பதில்லை" என்று போன மாதம்தான் ஒரு பேட்டியில் அளந்திருந்தார். அவர் வாசிக்கிற லட்சணம் அவளுக்கல்லவா தெரியும்! முன்னுரை, முதல் பத்துப் பக்கம், கடைசிப் பக்கம். நடுவில் இருப்பதெல்லாம் பென்சில் செருகி வைக்க. மறுநாள் மேடையேறி, கரைத்துக் குடித்துவிட்டேன் என்பார்.

இசைப் பிரியம் அதற்கும் மேல். எந்தப் பாட்டு பிடிக்கும் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். நெஞ்சில் கைவைத்து, கண்ணை மூடி, "மௌனம்" என்பார். கேட்டவர்களும் வாயைப் பிளப்பார்கள்.

கல்யாணமான புதிதில், துணி மடித்துக்கொண்டே அவள் ஏதோ பாடினாள். மகானுபாவர், போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

அத்தோடு நின்றது பாட்டு.

ஹெட்போன் வந்தபிறகுதான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வாய்க்கு வந்ததை முகத்துக்கு நேரே சொல்லலாம். தண்டம் என்பாள். காலி டப்பா என்பாள். அவர் கண்மூடி ரசித்துக்கொண்டிருப்பார்.

"ஆமாடி, இன்னிக்கேதான். சாயங்கால பஸ்ஸைப் பிடிச்சு வந்துடறேன். இவர்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நான் இல்லைங்கறது பசிச்சாதான் தெரியும் இவருக்கு."

தங்கை ஏதோ கேட்டாள்.

"இவரா? எதிர்லயேதான் உக்காந்திருக்காரு, பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டிக்கிட்டு."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்.

"திரும்பி வர்றதா இல்லடி. அங்க வந்து, தொண்டை கிழியப் பாடணும். நீ காதைப் பொத்திக்க, பரவால்ல."

போனை வைத்துவிட்டு, துணிமணி எடுத்துவைக்க எழுந்தாள்.

கவிஞர் பக்கத்தைப் புரட்டினார்.

"சின்னப் பெட்டியில சக்கரம் போயிடுச்சு. பெருச எடுத்துக்க."

ஹெட்போன் காதில்தான் இருந்தது. தலை, தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தது.