இன்னொருக்கா அடிச்சுக் காட்டுங்க

"அண்ணா, அது மம்புட்டி இல்லீங்க. வலது கைச் சுண்டுவிரல், இடது கை ஆள்காட்டி விரல் மேல உக்காரணுங்க."

சொல்லிச் சொல்லிக் குகனுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஈஸ்வரமூர்த்தி பவ்யமாகத் தலையாட்டினார். பிறகு கோல்ஃப் மட்டையை, வாய்க்கால் வெட்டப் போகிறவர் போலவே மறுபடியும் பிடித்தார்.

திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். மாதக் கடைசியில் சரக்கு எடுக்கும் லண்டன் பையர் வருகிறாராம். கோல்ஃப் என்று வந்துவிட்டால் அந்த ஆள் ரொம்பக் கறாராம். அவருக்குத் திருப்தியானால் ஆர்டர் உண்டு, இல்லையென்றால் பாதி மெஷினை நிறுத்த வேண்டியதுதான் என்று முதல் நாளே உடைத்துச் சொல்லிவிட்டார்.

குகன் பாடும் அதேதான். கோயமுத்தூரில் இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு, திருப்பூர் முதலாளிகளை நம்பிக் காலி இடத்தில் வலை கட்டி, கோல்ஃப் பயிற்சி என்று போர்டு மாட்டியவன். வந்து சேர்ந்தது இவர் ஒருவர்தான். பையர் முன்னால் இவர் நாலு பந்தை ஒழுங்காக அடித்துவிட்டால் மற்றவர்களும் வருவார்கள். சொதப்பினால் வலையைச் சுருட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

மனுஷர் தங்கமானவர், அதில் குறை சொல்ல முடியாது. சேர்ந்த அன்றே தன் கம்பெனியில் தைத்த டீ-ஷர்ட் ஒன்றைக் கொடுத்து, வகுப்பில் அதையே போட்டுக்கொள்ளச் சொன்னார். அதைத் துவைக்கக்கூட விடவில்லை. தினமும் தன் வீட்டுக்கு எடுத்துப்போய், மெஷினில் போட்டு, தேய்த்துக் கொண்டுவந்தார். இப்படி ஒரு குருபக்தியைக் குகன் எங்கேயும் கண்டதில்லை.

விரல்தான் வணங்கவில்லை. பழுத்த வாழைப்பழத்தைப் பிடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றான் குகன். அவர் விரலில் பேனாவால் கோடு போட்டும் பார்த்தான். ஒவ்வொரு முறை தப்பாகும்போதும் அவரிடமிருந்து ஒரே பதில்தான்.

"மண்டைல ஏற மாட்டேங்குதுங்க மாஸ்டர். இன்னொருக்கா நீங்க அடிச்சுக் காட்டுங்க. நல்லா வீசி அடிங்க."

குகன் வீசி அடித்தான். அவர் பின்னால் நின்றும் பக்கத்தில் நின்றும் கண்கொட்டாமல் பார்த்தார். கையைக் கவனியுங்கள் என்றால், அதைத்தான் கவனிக்கிறேன் என்றார். அப்புறம் மட்டையை வாங்கி, பழையபடி மம்புட்டிப் பிடி.

பையர் வருவதற்கு முந்தின நாள் குகனுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. அதற்கு முந்தின இரவெல்லாம் தூங்கவில்லை. சொல்லிக்கொடுக்கத் தெரியாமல் ஒரு நல்ல மனுஷரைக் கெடுத்துவிட்டோமே என்று அவமானமாக இருந்தது.

"அண்ணா, என்னால முடியலீங்க. நாளைக்கு அவர் முன்னால நீங்க மட்டையைத் தொட வேண்டாமுங்க. நான் கடையைச் சாத்திட்டுக் கெளம்பறேன்."

ஈஸ்வரமூர்த்தி மட்டையைச் சாய்த்து வைத்தார். கையைத் தூக்குங்க என்றார். ஒன்றும் விளங்காமல் குகன் தூக்கினான். அவர் கிட்டே வந்து, டீ-ஷர்ட்டின் அக்குள் தையலைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். விரலால் நீவினார், இழுத்தும் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் கம்பெனிக்குப் பேசினார்.

"போன சாம்பிள் ரெண்டு வீச்சுக்கே அக்குள்ல பிஞ்சுதுன்னு பையர் திருப்பி அனுப்புனாருல்ல? இத்தனை நாள் வீசியும் இது அசையலை. நாளைக்கு இதையே காட்டிரலாம்."

போனைப் பையில் போட்டுவிட்டு மட்டையை எடுத்தார். சுண்டுவிரல் போய் ஆள்காட்டி விரல் மேல் ஒழுங்காக உட்கார்ந்தது. பந்து வலையின் நட்டநடுவில் போய் விழுந்தது. அவர் பைக்குள்ளிருந்து புத்தம்புது ஷார்ட்ஸ் ஒன்றை எடுத்துக் குகன் கையில் கொடுத்தார்.

"கடையைச் சாத்தீராதீங்க மாஸ்டர். திங்கக்கெழமையிலிருந்து எனக்குக் குனிஞ்சு நிக்கறதுதான் வராதுங்க."