மிச்சக் களிம்பு

கணவனின் தோள்வலிக்கு வாங்கிய களிம்பை ரெஜினா தினமும் தேய்த்துவிட்டாள். "தேய்ச்சிட்டு மேல பாலிதீன் கவரைச் சுத்திடுங்க, தோலுக்குள்ள நல்லா இறங்கும்," என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். சொன்னபடியே இறங்கியது. இப்போது அந்தத் தோளைக் கிள்ளினால்கூட அவனுக்குத் தெரிவதில்லை. கையில் ஒட்டிய மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல், பகலெல்லாம் ஓடியாடிவிட்டுத் தூங்கும் மகள் ஜெனியின் பாதங்களில் தடவி, அவற்றுக்கும் கவரைச் சுற்றிவிடுவாள்.

இன்று அடுப்படியில் கண்ணாடிப் பாட்டில் உடைந்த சத்தம் கேட்டு ஓடினாள். ஜெனி சிரித்தபடி எதிரே நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் தரை நெடுகச் சிவப்பாகச் சின்னச் சின்னப் பாதங்கள். ஜெனியும் திரும்பிப் பார்த்தாள்.

"அது யாரு காலும்மா?"