இருபதுக்கு இரண்டு

"தவளையை அறுக்கறதுக்கா உன்னையப் பெத்தோம்? நம்ம ரத்தத்துல ஓடறது தமிழு. எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சதும் காலேஜில தமிழிலக்கியந்தான்," என்றார் அர்த்தநாரி.

"எனக்கு சயின்சுதானுங்கப்பா," என்றாள் பத்தாம் வகுப்பு மகள் பொன்னாத்தாள். "தமிழ் எனக்கு வருமான்னு தமிழய்யாவையே கேட்டுப் பாருங்க."

"கேக்கறேன். வராதுன்னு அவரு சொல்லிட்டா, நீ சயின்சே படிச்சுக்க."

மறுநாளே மகளையும் இழுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். கல்பாத்தியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த தமிழய்யா முத்துசுவாமி, அவளுடைய கவிதைப் பயிற்சி நோட்டை எடுத்தார். இருபதுக்கு இரண்டு.

"ரெண்டா? என்ற மகளுக்கா? எங்கே, படிங்க கேக்கலாம்."

தமிழய்யா வாசித்தார். "மணமகன் ஞாயிறாம், மணமகள் திங்களாம், ஒரே கோட்டில் நின்றிவர் உலகுக்கு ஒளி தந்தாரே."

நோட்டை மூடினார். "ஞாயிறும் திங்களும் ஒரே கோட்டில நின்னா கிரகணம்னா பிடிக்கும்? இதில தமிழும் இல்லை, சயின்சும் இல்லை. யாரைப் பாத்து எழுதினே, பொன்னாத்தா?"

அவள் நிமிர்ந்து நின்றாள். "அதை அப்பாவே சொல்லட்டுங்க."

அர்த்தநாரியின் காது மடல்கள் சிவந்தன. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"புள்ளை சயின்சே படிக்கட்டுங்க," என்று எழுந்தார்.

தை மாதம் தங்கை மகள் கல்யாணத்தில், அவரே எழுதி அச்சடித்து நானூறு பேருக்கு விநியோகித்த வாழ்த்துப்பா அது. மகள் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அடியில் இருந்த 'கவிக்கடல் அர்த்தநாரி'யை மட்டும் விட்டுவிட்டாள்.